விண்டோஸ் ஒரு டிஸ்கில், அதன் தொடக்கம் இன்னொரு டிஸ்கில்: பார்ட்டிஷன் அழித்தபின் பூட் ஆகாத கணினி – ஒரு நிகழ்வு ஆய்வு

திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, சிற்றிதழ் பக்க அமைப்பு ஆகிய வேலைகளைச் செய்துவரும் டிடிபி கடையின் முதன்மைக் கணினி, ஹார்ட் டிஸ்கில் பார்ட்டிஷன்களை (டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை) மாற்றிய அன்றே பூட் ஆகாமல், அதாவது விண்டோஸ் தொடங்காமல், நின்றுவிட்டது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் பிழைதிருத்தத்தில் இருந்த நேரம் அது. விண்டோஸ் நிறுவப்பட்டிருந்த எஸ்எஸ்டியை (வேகமான புதிய வகை டிஸ்கை) யாரும் தொடவே இல்லை என்பதும், தொட்டதெல்லாம் பழைய ஹார்ட் டிஸ்கை மட்டுமே என்பதும்தான் இதில் எல்லோரையும் குழப்பிய செய்தி. இதே அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைச் சென்னையில் அடிக்கடி பார்க்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க் கணினிக்கு எஸ்எஸ்டி போட்டு வேகப்படுத்திய இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஆபத்து ஒளிந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

கணினியின் அமைப்பு

2018இல் ரிச்சி தெருவில் உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப் அது. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அப்போது போட்ட விண்டோஸ் 10 ஹார்ட் டிஸ்கிலேயே இருந்தது. யூஇஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த கணினித் தொடக்க முறை), ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணையோடு (எந்தப் பகுதி டிஸ்கில் எங்கே என்று குறிக்கும் புதிய வகைப் பட்டியல்) நிறுவப்பட்டிருந்ததால், டிஸ்கின் தொடக்கத்தில் 100 எம்பி அளவில், தொடக்கக் கோப்புகளை வைத்திருக்கும் ஒரு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனும், அதையடுத்து விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் 16 எம்பி பகுதியும், பிறகு 200 ஜிபி அளவில் விண்டோஸ் பகுதியும், மீதி 730 ஜிபி அளவில் வேலைக் கோப்புகளுக்கான பகுதியும் (டி டிரைவ்) இருந்தன.

சில ஆண்டுகள் கழித்து, கணினி மந்தமாகிவிட்டது என்று 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவியிருக்கிறார்கள். நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிள் கழற்றப்படவில்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் நிறுவல் நிரல், இணைக்கப்பட்டிருக்கும் முதல் டிஸ்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைக் கண்டால், புதிய டிஸ்கில் இன்னொன்றை உருவாக்காமல், தொடக்கக் கோப்புகளைப் பழையதிலேயே எழுதிவிடுவது வழக்கம். புது வீட்டுக்குக் குடிபோனவர் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தது போன்ற நிலைமை. எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஃபோல்டர் முழுதாக இருந்தது. ஆனால் அதைத் தொடங்கி வைக்கும் பூட் மேனேஜரும், எந்த விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பிசிடி கோப்பும் ஹார்ட் டிஸ்கின் அந்த 100 எம்பியில் இருந்தன.

அழித்தது எப்படி

கடை ஆபரேட்டரிடம் நடந்ததை வரிசையாகக் கேட்டேன். இவ்வகைக் கோளாறில் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் பாதி ஆய்வு, எனவே அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தினமும் ஆன் பண்ணினா நீலக் கலர்ல ரெண்டு விண்டோஸ் 10 வந்து நிக்கும் சார். எதுன்னு கேட்டு அரை நிமிஷம் எண்ணும். அதை எடுத்துடலாம்னுதான் பழைய விண்டோஸை டெலிட் பண்ணினோம். டி டிரைவ்லயும் இடம் இல்ல."

இந்தப் பதிலே பெரிய தடயம். இரண்டு விண்டோஸ்களும் ஒரே பட்டியலில் வந்து நின்றன என்றால், இரண்டும் ஒரே பிசிடியைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். எஸ்எஸ்டிக்குத் தனியாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்திருந்தால், அந்தப் பட்டியல் தானாகத் தோன்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

முதலில் அவர்கள் செய்தது தவறே அல்ல. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் பழைய 200 ஜிபி விண்டோஸ் பகுதியை அழித்தார்கள். கணினி வழக்கம்போல் பூட் ஆனது. ஆனால் நீலப் பட்டியல் போகவில்லை. பழைய விண்டோஸ் போய்விட்டாலும் அதன் பெயர் பிசிடியில் அப்படியே இருந்ததால் பட்டியல் தொடர்ந்து வந்தது. விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து பூட் பிரிவில் அந்தப் பெயரை நீக்கியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். இவர்களோ, டிஸ்கின் தொடக்கத்தில் பெயரில்லாமல் நின்ற அந்த 100 எம்பி துண்டுதான் பழைய விண்டோஸின் மிச்சம், அதுதான் பட்டியலைக் கொண்டுவருகிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். பழைய விண்டோஸோடு பிறந்த துண்டு என்பதால் அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு.

அதன் மீது வலது கிளிக் செய்தால் அழிக்கும் வாய்ப்பே வரவில்லை. பார்ட்டிஷன்களைக் கட்டளையால் கையாளும் டிஸ்க்பார்ட் நிரலில், கட்டாயமாக அழிக்கச் சொல்லும் 'டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' கொடுத்தும் விண்டோஸ் மறுத்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் சிஸ்டம் பார்ட்டிஷனையும், தான் இருக்கும் பார்ட்டிஷனையும், பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் வைக்கும் கோப்பு) உள்ள பார்ட்டிஷனையும் அழிக்க விடாது. அந்த மறுப்பு ஒரு பாதுகாப்பு. அதை ஒரு இடைஞ்சலாக எடுத்துக்கொண்டு, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, பார்ட்டிஷன் தேர்வு செய்யும் திரையில் அந்த 100 எம்பியையும் அடுத்த 16 எம்பியையும் டெலிட் கொடுத்திருக்கிறார்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் சூழலுக்கு ஹார்ட் டிஸ்கில் உள்ள எதுவும் தன்னுடைய சிஸ்டம் பார்ட்டிஷன் அல்ல. ஆகவே முன்பு மறுத்த அதே காரியத்தை, பொதுவான ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு, அது செய்து முடித்துவிடும்.

எனக்கு முன் நடந்த முயற்சிகள்

அடுத்த முறை ஆன் செய்தபோது எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கணினி நேராக பயாஸ் என்ற மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய் நின்றது. யூஇஎஃப்ஐ மட்டும் இயங்கும் நிலையில், தொடங்க எதுவும் கிடைக்காவிட்டால் பல மதர்போர்டுகள் இப்படித்தான் நடந்துகொள்ளும். நான் போய்ப் பார்த்தபோது கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்டு செலக்ட் புராப்பர் பூட் டிவைஸ்' என்ற பழைய பாணிச் செய்தி நின்றுகொண்டிருந்தது. இரண்டு அறிகுறிகளும் ஒன்றல்ல. இடையில் யாரோ பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை ஆன் செய்திருக்க வேண்டும் என்று அதிலிருந்தே தெரிந்தது. விசாரித்தபோது, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சர்வீஸ் பார்க்கும் ஒருவர் முந்தைய நாள் வந்துபோனதாகச் சொன்னார்கள்.

அவர் பூட் கோளாறைச் சரிசெய்யும் விண்டோஸின் பூட்ரெக் கட்டளைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்திருந்தார். ஆபரேட்டர் அந்தத் திரைகளைத் தன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தது எனக்குப் பேருதவியாக இருந்தது. 'ஃபிக்ஸ்எம்பிஆர்' வெற்றி என்று வந்திருந்தது. யூஇஎஃப்ஐ கணினியில் அந்தக் கட்டளையால் கெடுதல் அதிகமில்லை, பயனும் இல்லை. டிஸ்கின் முதல் செக்டரில் (டிஸ்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டில்) பயாஸ் காலத்துத் தொடக்க நிரலை அது எழுதுகிறது, யூஇஎஃப்ஐ அந்த நிரலை ஓட்டுவதே இல்லை. 'ரீபில்டு பிசிடி' கொடுத்தபோது ஒரு விண்டோஸைக் கண்டுபிடித்துவிட்டு, சேர்க்கட்டுமா என்று கேட்டு, ஆம் என்றதும், 'தி ரிக்வெஸ்டட் சிஸ்டம் டிவைஸ் கேனாட் பி ஃபவுண்ட்' என்று முடிந்திருந்தது. விண்டோஸ் இருக்கிறது, அதன் தொடக்கக் கோப்புகளை எழுதி வைப்பதற்கான சிஸ்டம் பார்ட்டிஷன் இல்லை என்று கணினியே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. அந்த வரியைப் படித்திருந்தால் அடுத்த வேலை தெளிவாகியிருக்கும். அதற்கு மாறாக, "ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கிறார்.

கடை உரிமையாளர் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் நிறுத்தி வைத்தது நல்லதாகப் போயிற்று. டிடிபி கடைக் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவுவது என்பது வெறும் விண்டோஸ் விஷயம் அல்ல. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களின் தொகுப்புகள், அவற்றுக்கேற்ற விசைப்பலகை நிரல்கள், பேஜ்மேக்கர், கோரல்டிரா, அச்சுப்பொறி டிரைவர் எல்லாம் எஸ்எஸ்டியில்தான் இருந்தன. அவற்றில் சிலவற்றின் சிடியும் உரிம எண்ணும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எழுத்துரு ஒன்று மாறினாலும் பழைய பத்திரிகைக் கோப்புகளைத் திறக்கும்போது தமிழ் முழுவதும் கிறுக்கல்களாகத் தெரியும். ஆக, பூட் ஆக வைப்பதைப் போலவே, உள்ளே இருப்பதை அப்படியே காப்பதும் இங்கே நிபந்தனை.

எழுதுவதற்கு முன் படித்தவை

நிறுவாமலேயே ஓடும் லினக்ஸான உபுண்டு லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, எந்த டிஸ்கிலும் ஒரு பைட் கூட எழுதாமல் நிலைமையை வாசிப்பதில் தொடங்கினேன். அதற்கும் முன், முதல் காரியமாக பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்தேன். பென் டிரைவே பழைய முறையில் தொடங்கிவிட்டால் யூஇஎஃப்ஐ தொடர்பான எதையும் பார்க்க முடியாது.

எஸ்எஸ்டியில் மூன்று பார்ட்டிஷன்கள் தெரிந்தன: 16 எம்பி ஒதுக்கப்பட்ட பகுதி, விண்டோஸ் பகுதி, கடைசியில் சிறிய மீட்புப் பகுதி. இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லை. ஹார்ட் டிஸ்கில் டி டிரைவ் மட்டும் இருந்தது, அதற்கு முன்னால் 200 ஜிபி வெற்றிடம்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தியது மதர்போர்டின் நினைவகம். யூஇஎஃப்ஐ கணினிகள், எந்த டிஸ்கின் எந்தப் பார்ட்டிஷனில் உள்ள எந்தக் கோப்பைத் தொடங்க வேண்டும் என்பதை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும். சில மதர்போர்டுகள், பார்ட்டிஷன் காணாமல் போனதும் அந்தக் குறிப்பையும் துடைத்துவிடும். இதில் நல்லவேளையாக மிச்சம் இருந்தது. 'இஎஃப்ஐ பூட் மேனேஜர்' என்ற லினக்ஸ் கட்டளையில் விவரமாகப் பார்த்தபோது, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயருக்கு எதிரே, முதல் பார்ட்டிஷன், அதன் நீண்ட அடையாள எண், தொடக்கம் 2048ஆவது செக்டர், நீளம் 204800 செக்டர் என்று இருந்தது. ஒரு செக்டருக்கு 512 பைட் வீதம் 204800 செக்டர் என்பது சரியாக 100 எம்பி. எஸ்எஸ்டியின் முதல் பார்ட்டிஷனும் 2048இல்தான் தொடங்குகிறது, ஆனால் அதன் நீளம் 32768 செக்டர், அதாவது 16 எம்பி. ஆகவே மதர்போர்டு தேடிக்கொண்டிருந்த பார்ட்டிஷன் எஸ்எஸ்டியில் ஒருபோதும் இருந்ததில்லை. அது ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தில், இப்போது வெற்றிடமாகக் காட்டப்படும் இடத்தில் இருந்தது. அனுமானம் இங்கே ஆதாரமாகிவிட்டது.

அந்த வெற்றிடத்தை, தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் நிரல் கொண்டு தேடவிட்டேன், எழுதும் கட்டளையைக் கொடுக்காமல். 2048ஆவது செக்டரில் ஃபேட்32 அமைப்பில் 100 எம்பி பார்ட்டிஷன் ஒன்றை அது உடனே காட்டியது. உள்ளே கோப்புகளும் முழுதாக இருந்தன. பார்ட்டிஷனை அழிப்பது என்பது பெரும்பாலும் அட்டவணையில் ஒரு வரியை அழிப்பதுதான். ஜிபிடி அட்டவணையில் 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 128 பைட். அந்த 128 பைட் பூஜ்யமானால் பார்ட்டிஷன் போய்விட்டதாகக் கொள்ளப்படும், அதன் உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். இது ஹார்ட் டிஸ்க் என்பதும், அந்த இடத்தில் யாரும் புதிதாக ஃபார்மேட் செய்யவில்லை என்பதும் சாதகமாக அமைந்தன. எஸ்எஸ்டியாக இருந்து புதிய ஃபார்மேட்டும் நடந்திருந்தால், பயன்படாத இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் டிரிம் கட்டளை பழைய தரவைத் துடைத்திருக்கக்கூடும்.

அதே அமர்வில் ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையையும் எடுத்தேன். கெட்டுப்போன செக்டர்களை மாற்று இடத்துக்கு நகர்த்திய எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தது. உடனே செத்துவிடும் என்று பொருளல்ல. ஆனால் ஒரு கடையின் முழு வருமானமும் தொங்கும் தொடக்கக் கோப்புகளை நம்பி வைக்கத் தகுந்த டிஸ்க் அது இல்லை. அடுத்த முடிவை இந்த ஓர் எண்தான் தீர்மானித்தது.

எந்த வழி

இரண்டு வழிகள் இருந்தன. டெஸ்ட்டிஸ்க் கண்டுபிடித்த 100 எம்பியை அட்டவணையில் மறுபடி எழுதிப் பழைய நிலையை மீட்பது ஒன்று. எஸ்எஸ்டியிலேயே ஒரு புதிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்கித் தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதுவது மற்றொன்று.

முதல் வழி வேகமானது போலத் தெரியும். ஆனால் புதிதாக எழுதப்படும் பார்ட்டிஷனுக்குப் புதிய அடையாள எண் கிடைக்கும். மதர்போர்டின் குறிப்போடு அது பொருந்தாது. பழைய எண்ணைக் கையால் திரும்ப எழுத வேண்டிவரும். அதைச் செய்தாலும், எஸ்எஸ்டியின் விண்டோஸ் இன்னமும் தேய்ந்துவரும் ஹார்ட் டிஸ்கை நம்பியே தொடங்கும், நீலப் பட்டியலும் திரும்ப வரும். இரண்டாவது வழியில் எஸ்எஸ்டி தன் காலில் நிற்கும். உரிமையாளரிடம் இரண்டையும் விளக்கி, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆனாலும் ஹார்ட் டிஸ்கின் முதல் 200 எம்பியை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது வழி எங்காவது முட்டினால் திரும்பி வர ஒரு பாதை வேண்டும்.

அதற்கும் முன்பாக டி டிரைவின் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தோம். லினக்ஸில் டி டிரைவை வாசிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்தேன். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவுத் தொடக்க வசதி) காரணமாக அரை உறக்கத்தில் விடப்பட்ட என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) பகுதியில் வெளியிலிருந்து எழுதுவது கோப்புகளைக் குழப்பிவிடும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் மாலையில் தொடங்கிய நகல் இரவு வெகுநேரம் ஓடியது. கடையின் யூபிஎஸ் அச்சுப்பொறியோடு பகிரப்பட்டிருந்ததால், அன்று இரவு அச்சுப்பொறியை அதிலிருந்து கழற்றி வைக்கச் சொன்னேன்.

சரிசெய்த முறை

விண்டோஸ் 10 நிறுவும் பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கி, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் வரும். டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்தபோது, கடையின் வேலைக் கோப்புகள் உள்ள 730 ஜிபி பகுதி சி என்றும், எஸ்எஸ்டியின் விண்டோஸ் பகுதி டி என்றும் தெரிந்தன. பென் டிரைவ் சூழல் தனக்குத் தோன்றிய வரிசையில் எழுத்துகளைத் தரும். அன்றாடம் பார்க்கும் சி, டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் என்றால் சி என்ற பழக்கத்தில் இங்கே ஒரு ஃபார்மேட் கட்டளை போட்டிருந்தால், கடையின் ஏழெட்டு ஆண்டு உழைப்பு அந்த நொடியே அழிந்திருக்கும்.

அந்த வாய்ப்பையே ஒழிக்க, கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி பென் டிரைவில் தொடங்கினேன். எழுதும் கட்டளைகள் ஓடும் நேரத்தில் தொடக்கூடாத டிஸ்க் இணைக்கப்பட்டே இருக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். இப்போது ஒரே டிஸ்க், விண்டோஸ் பகுதி சி. உறுதிக்காக அதன் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து ஆபரேட்டரின் கணக்குப் பெயரைப் பார்த்துக்கொண்டேன்.

டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளை பிழை எதுவும் காட்டாததால், டிஸ்க்பார்ட்டில் சி வால்யூமைத் தேர்ந்து 'ஷ்ரிங்க் டிசையர்ட்=300' கொடுத்தேன். விண்டோஸ் பகுதியின் பின்முனையிலிருந்து 300 எம்பி விடுபட்டது. அங்கே 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ', தொடர்ந்து 'ஃபார்மேட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32', பிறகு 'அசைன் லெட்டர்=கே'. இஎஃப்ஐ பார்ட்டிஷன் டிஸ்கின் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. யூஇஎஃப்ஐ பார்ப்பது பார்ட்டிஷனின் வகைக் குறியீட்டை, இருக்கும் இடத்தை அல்ல. விண்டோஸ் பகுதிக்கும் மீட்புப் பகுதிக்கும் நடுவில் அது இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. 100 எம்பியே போதும் என்ற நிலையிலும் 300 வைத்ததற்குக் காரணம், மதர்போர்டு நிறுவனங்களின் புதுப்பிப்புக் கோப்புகளும் சில வேளைகளில் அங்கே வந்து தங்குகின்றன என்பதுதான்.

தொடக்கக் கோப்புகளை எழுதிய கட்டளை ஒரே வரி: 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் கே: /எஃப் யூஇஎஃப்ஐ'. பூட்ரெக்கைப் போல இருப்பதை ஒட்டுப்போட முயலாமல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மூலப் பிரதிகளிலிருந்து பூட் மேனேஜரையும் புதிய பிசிடியையும் உருவாக்கித் தருவதால், யூஇஎஃப்ஐ கணினிகளில் எனக்கு முதலில் கைகொடுப்பது இந்தக் கட்டளைதான். 'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்' என்று வந்தது.

பென் டிரைவை உருவிவிட்டு ஆன் செய்தால், கணினி மறுபடி பயாஸ் திரைக்கே போனது. உரிமையாளரின் முகம் சுருங்கியது. ஆனால் இது எதிர்பார்க்கக்கூடியதே. பிசிடிபூட்டில் /எஸ் கொடுத்து இலக்கைச் சொல்லும்போது, மதர்போர்டின் நினைவகத்தில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற குறிப்பை அது எழுதுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. யூஇஎஃப்ஐ விதிப்படியான பொதுத் தொடக்கக் கோப்பை மதர்போர்டு தானே தேடி எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது. இந்த மதர்போர்டோ பழைய, செத்துப்போன குறிப்பையே முதலில் வைத்திருந்தது. பூட் மெனுவைத் திறந்து எஸ்எஸ்டியின் பெயரோடு இருந்த யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்ததும் விண்டோஸ் திறந்தது. நீலப் பட்டியல் இல்லை.

உள்ளே போனபின், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, இம்முறை /எஸ் இல்லாமல் 'பிசிடிபூட் சி:\விண்டோஸ்' மட்டும் கொடுத்தேன். நினைவகத்தில் புதிய குறிப்பு பதிவாகி முதலிடத்துக்கு வந்தது. 'பிசிடிஎடிட் /எனம் ஃபர்ம்வேர்' மூலம் பட்டியலைப் பார்த்துப் பழைய குறிப்பை நீக்கினேன். ஹார்ட் டிஸ்க் இணைக்கப்படாமலேயே முழுதாக அணைத்து ஆன் செய்து பார்த்தபோது நேராக விண்டோஸ் வந்தது. எஸ்எஸ்டி தனியாகத் தொடங்குகிறது என்பதற்கு அந்தச் சோதனையைத் தவிர வேறு சான்று தேவையில்லை.

மடிக்கணினி என்றால்

இதே வேலையை ஒரு மடிக்கணினியில் செய்திருந்தால் இடையில் இன்னொரு கதவு இருந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கப்பட்ட பல மடிக்கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்குகிறது. தொடக்க முறை மாறியதும், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் ஷ்ரிங்க், ஃபார்மேட் என்று இறங்கவே கூடாது. இந்த டெஸ்க்டாப்பில் குறியாக்கம் இல்லை என்பதை முதலிலேயே 'மேனேஜ்-பிடிஇ' கட்டளையில் பார்த்துக்கொண்டேன்.

டி டிரைவின் இடப் பிரச்சினை

எல்லாவற்றையும் தொடங்கிவைத்த இடப் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. ஹார்ட் டிஸ்கில் 200 ஜிபி காலி இடம் இருந்தும், டி டிரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' வேலை செய்யாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு பகுதியை அதன் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்துக்குள் மட்டுமே நீட்டும், இங்கே வெற்றிடம் இடப்பக்கம் இருந்தது. ஜிபார்ட்டெட் போன்ற நிரல்கள் முழுப் பகுதியையும் இடப்பக்கம் நகர்த்தித் தரும். ஆனால் அதற்கு 730 ஜிபிக்குள் உள்ள அத்தனையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எழுதப்பட வேண்டும். பல மணி நேரம் ஓடும் அந்த வேலையின் நடுவில் மின்சாரம் போனால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக நிற்கும். செக்டர்கள் தேயத் தொடங்கிய டிஸ்கில் அப்படியொரு பயிற்சியைக் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை.

உரிமையாளர் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் புதிதாக வாங்கினார். அதை ஜிபிடியாக அமைத்து, ஒரே வால்யூமாக ஃபார்மேட் செய்து, வெளி டிஸ்கிலிருந்த நகலை அதில் ஏற்றி, டி என்ற எழுத்தையே கொடுத்தோம். எழுத்தை மாற்றாததற்குக் காரணம் உண்டு: பேஜ்மேக்கர் கோப்புகளில் இணைக்கப்பட்ட படங்கள் முழு முகவரியோடு பதிவாகியிருக்கும், டி டிரைவ் இ ஆகிவிட்டால் ஒவ்வொரு பத்திரிகையைத் திறக்கும்போதும் படம் எங்கே என்று கேட்டு நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் கணினியிலிருந்து எடுக்கப்பட்டு, யூஎஸ்பி உறையில் போடப்பட்டு, இரண்டாம் நகலாக அலமாரிக்குப் போனது.

"இவ்வளவு செஞ்சாச்சு, அப்படியே 11ஐப் போட்டுடலாமா தம்பி?" என்று உரிமையாளர் கேட்டார். கேள்வி நியாயமானது, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் 11க்குத் தகுதியானதே. ஆனால் பழைய எழுத்துரு நிரல்களும் அச்சுப்பொறி டிரைவரும் 11இல் ஓடுமா என்பதை வேறொரு கணினியில் சோதித்துப் பார்த்தபின், ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் செய்யலாம் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக ஒன்று மீதமிருந்தது. 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' கொடுத்துப் பார்த்தபோது மீட்புச் சூழல் அணைந்திருந்தது. பிசிடி புதிதாக எழுதப்படும்போது பழைய இணைப்பு அறுந்துபோவது வழக்கம். '/எனேபிள்' கொடுத்ததும் எஸ்எஸ்டியின் கடைசிப் பகுதியோடு அது மறுபடி இணைந்தது. இப்போதைய பார்ட்டிஷன் அமைப்பை, எது எந்த டிஸ்கில் எதற்காக இருக்கிறது என்ற குறிப்போடு ஒரு தாளில் அச்சிட்டு, கேபினட்டின் பக்கவாட்டு மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன்.